பதினொரு புரச இலைகள்

காட்டின் நடுவே ஆழமான மடு ஒன்று இருந்தது. எந்தக் கோடையிலும் அது வற்றியதில்லை. அந்த மடுவில் கல்லாயி என்ற ஆமை வாழ்ந்துவந்தாள். கரையில் இருந்த புற்றில் பொறியன் என்ற உடும்பு குடியிருந்தான். இருவரும் நெருங்கிய சிநேகிதர்கள். கல்லாயி வயதில் மூத்தவள். அதனால் பொறியன் அவளை "அக்கா" என்றுதான் கூப்பிடுவான்.

அந்தக் காலத்தில் மடு புலிகளுக்குச் சொந்தமாக இருந்தது. வரியன் என்ற புலி காட்டை ஆண்டான். அவனுக்கு முன்னால் அவன் அப்பா ஆண்டார். அதற்கு முன்னால் அவன் தாத்தா. தாகத்தோடு வரும் விலங்குகள் கரையிலேயே காத்துக் கிடக்க வேண்டும். வரியன் வயிறு முட்டக் குடித்து, நீரில் புரண்டு, கரையேறிய பிறகுதான் மற்றவர்களுக்குக் கலங்கல் தண்ணீர் கிடைக்கும். அதற்கும் ஈடாக யாராவது ஒருவரின் குட்டியைத் தூக்கிக்கொண்டு போவான்.

ஒரு நாள் பெருங்கோடன் என்ற காட்டெருமை நேராகக் கேட்டான். "இது எப்படி உன் தண்ணீர் ஆகும்?"

"என் தாத்தா குடித்தார். என் அப்பா குடித்தார். அதனால் இது என் தண்ணீர்!" என்றான் வரியன்.

"பிறப்பால் எவனுக்கும் எதுவும் சொந்தமில்லை!" என்று சொல்லிப் பெருங்கோடன் கொம்பைத் தாழ்த்தினான்.

சண்டை மூன்று நாள் நடந்தது. எருமைகள் புலிகளை வளைத்துக்கொண்டன. யானை வழியை மறித்தது. பொறியன் வரியனின் மூக்கைக் கவ்விக்கொண்டான். வரியன் அவனைப் பாறையில் அடித்தான், தண்ணீரில் முக்கினான். பொறியன் பிடியை விடவே இல்லை. அதில் அவன் வாலில் பாதி போயிற்று. கடைசியில் புலிக் குடும்பம் மலை தாண்டி ஓடியது.

அன்று காடே ஆடிப் பாடியது.

"இனி இந்தக் காட்டில் ராஜா கிடையாது! மடு எல்லோருக்கும் பொது! புல்லும் பழமும் பொது! ஒருவரை ஒருவர் தோழர் என்றே அழைப்போம்!" என்று பெருங்கோடன் முழங்கினான்.

"சரி. ஆனால் முன்னே நிற்க ஒருவர் வேண்டுமே?" என்றது யானை.

அதற்கும் ஒரு வழி செய்தார்கள். மடுவின் ஓரத்தில் குழிப்பாறை என்று ஒன்று உண்டு. மேலே ஒரு துவாரம், உள்ளே ஒரு பொந்து. தலைவராக விரும்புகிறவர் தனக்கென ஒரு மரத்தின் இலையைச் சொல்ல வேண்டும். எல்லோரும் தங்களுக்குப் பிடித்தவரின் இலையைக் கொண்டுவந்து துவாரத்தில் போட வேண்டும்; போட்டியிடுகிறவர் தன் இலையைத் தானே போடக் கூடாது. சுற்றிலும் புதர் அடர்ந்திருந்ததால், யார் எந்த இலையைப் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. மூன்று மழைக்காலத்துக்கு ஒரு முறை இப்படி இலை போட வேண்டும் என்று பேசி முடித்தார்கள்.

பொந்துக்குள் நுழையும் உடம்பு கல்லாயிக்கு இருந்தது. அவள் வாயில் பொய் வராது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே இலைகளைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு அவளுக்கு வந்தது.

முதல் தடவை பெருங்கோடனுக்கு மருத இலை, யானைக்கு மூங்கில் இலை. மருத இலை ஏழு அதிகமாக விழுந்தது. தோற்றுப்போன யானை கடகடவென்று சிரித்தபடி தும்பிக்கையால் தண்ணீரை வாரிப் பெருங்கோடன்மேல் இறைத்தது. அதைப் பார்த்துக் கல்லாயிக்குக் கண் நிறைந்துவிட்டது.

பெருங்கோடன் நல்லவனாகத்தான் இருந்தான். எல்லோரும் குடித்த பிறகு கடைசியாகக் குடிப்பான். அவன் கன்று இளங்கோடன் ஒரு நாள் வரிசையில் முந்தி வந்தது. "போடா! முயலுக்குப் பின்னால் போய் நில்!" என்று விரட்டிவிட்டான்.

மூன்று மழைக்காலம் முடிந்தது. "இப்போது இலை எதற்கு? எல்லாம் நன்றாகத்தானே நடக்கிறது!" என்றார்கள். ஆறு முடிந்தது. அப்போதும் அப்படியே சொன்னார்கள். பிறகு யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பெருங்கோடனுக்கு வயதாயிற்று. கண் மங்கியது. புதர் அசைந்தால்கூடப் புலி என்று பதறினான். காவலுக்குச் செந்நாய்களை வைத்துக்கொண்டான். தன் பேச்சைக் காடெங்கும் கொண்டுபோய்ச் சொல்லச் செங்கண்ணன் என்ற செம்போத்தை நியமித்தான்.

ஒரு மாலைப் பொழுதில் அவன் கல்லாயியைத் தேடி வந்தான்.

"கல்லாயி, எனக்குப் பிறகு என் மகன் இளங்கோடன் இருக்கட்டும்."

"தோழரே, அதை இலைதானே சொல்ல வேண்டும்?"

"இலை சொல்லட்டும். ஆனால் மருத இலை மட்டும் விழட்டும். நீ அதை எதிர்க்காதே. இரண்டு பேர் போட்டியிட்டால் காடு இரண்டுபடும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வரியன் திரும்பி வருவான். இந்த ஒரு தடவை மட்டும், கல்லாயி!"

கல்லாயி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். ஒரு காலத்தில் புலிக்கு எதிரே தனியாக நின்றவன். இன்று தலை நடுங்க அவள்முன் நிற்கிறான். அவனிடம் "முடியாது" என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"சரி. இந்த ஒரு தடவை" என்றாள்.

விஷயம் தெரிந்ததும் பொறியன் ஓடி வந்தான். "என்ன அக்கா இது? நீங்களுமா?"

"இளங்கோடன் நல்ல பிள்ளைதானே, பொறியா?"

"நல்ல பிள்ளை என்று காடு சொல்லட்டும். அப்பா சொன்னால் போதுமா?"

கல்லாயி நீருக்குள் இறங்கிவிட்டாள். சில நாளில் பெருங்கோடன் இறந்தான். மருத இலைகள் மட்டும் விழுந்தன. இளங்கோடன் தலைவனானான்.

கொஞ்சம் கொஞ்சமாகக் காடு மாறியது. மடுவின் மேற்குக் கரையில்தான் தெளிந்த நீர் இருக்கும். "முதலை வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேற்குக் கரையில் தலைவர் குடும்பம் மட்டும் குடிக்கும்!" என்று செங்கண்ணன் அறிவித்தான். "காவலுக்குப் பலம் வேண்டும். வடக்குப் புல்வெளியில் தலைவர் குடும்பம் மட்டும் மேயும்!" என்று இன்னொரு நாள் அறிவித்தான். ஒவ்வொரு அறிவிப்புக்குப் பிறகும், "காடு எல்லோருக்கும் பொது!" என்று எல்லோரும் சேர்ந்து கத்த வேண்டும். யானை ஒரு நாள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காட்டைவிட்டே போய்விட்டது.

சில ஆண்டுகளில் கோமாரி நோய் வந்தது. இளங்கோடனின் குளம்புகள் புண்ணாகி, வாயில் நுரை தள்ளி, நான்கே நாளில் அவன் செத்துப்போனான்.

காடு முழுவதும் அழ வேண்டும் என்று உத்தரவு. எல்லோரும் அழுதார்கள். அழாமல் நின்ற ஒரு கொக்கிடம் செந்நாய்கள் போய்ப் பெயர் கேட்டுக்கொண்டன. அடுத்த நாள் அந்தக் கொக்கு அங்கே இல்லை.

மூன்றாம் நாள் மடுக்கரையில் எல்லோரும் கூடினார்கள். இளங்கோடனின் மகன் சிறுகோடன் நடுவில் நின்றான். கொம்பு இப்போதுதான் முளைவிட்டிருந்தது. எதற்கெடுத்தாலும் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"தோழர்களே! இவரே நம் புதிய தலைவர்! எல்லோரும் மருத இலையோடு வாருங்கள்!" என்று செங்கண்ணன் கூவினான்.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து பொறியன் ஊர்ந்து முன்னே வந்தான்.

"தோழரே, ஒரு கேள்வி!"

"கேளும்!"

"அப்பாவுக்குப் பிறகு மகன். மகனுக்குப் பிறகு பேரன். புலிகளும் இதைத்தானே செய்தார்கள்? அப்படியானால் நமக்கு மறுபடியும் ராஜா வந்துவிட்டாரா?"

செங்கண்ணன் இறகைச் சிலிர்த்துக்கொண்டான்.

"ராஜாவா! எங்கே கிரீடம்? எங்கே சிம்மாசனம்? நம் தலைவர் உம்மைப் போலவே வெறும் தரையில்தான் நிற்கிறார்!"

"வரியனும் வெறும் தரையில்தானே நின்றான்! அவன் தலையிலும் கிரீடம் இல்லையே!"

யாரோ சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

"புலிக்கு மடு சொந்தமாக இருந்தது. இப்போது மடு எல்லோருக்கும் சொந்தம்!"

"அப்படியா? நல்லது! மேற்குக் கரையில் நான் எப்போது குடிக்கலாம்?"

"வாயை அடக்கும்! புலியை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. நம் தலைவருக்கு நாம் எல்லோரும் இலை போடுகிறோம்!"

"ஒரே ஒரு இலையைக் கையில் கொடுத்துவிட்டு, விருப்பமானதைப் போடு என்றால் என்ன அர்த்தம்? பழைய சட்டம் இன்னும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் தன் இலையைச் சொல்லலாம். நான் சொல்கிறேன். என் இலை புரச இலை!"

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "அம்மா, அவர் சொல்வது சரிதானே?" என்று சிறுகோடன் மெதுவாகக் கேட்டான். "சும்மா இரு!" என்று தாய் எருமை அவன் காதருகே சீறியது. கல்லாயிக்கு அந்தக் கன்றைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

செங்கண்ணன் கொஞ்சம் யோசித்தான். பிறகு சிரித்தான். "தாராளமாக! இங்கே யாருக்கும் தடை இல்லை. விரும்புகிறவர்கள் புரச இலை போடட்டும்!"

மறுநாள் காலையிலிருந்து வரிசையாக வந்து இலை போட்டார்கள். புதரைச் சுற்றிச் செந்நாய்கள் உட்கார்ந்திருந்தன. கடைசியாகக் கல்லாயி வந்தாள். ஓட்டுக்கடியில் மறைத்து வைத்திருந்த ஒரு புரச இலையைத் துவாரத்தில் போட்டாள். பிறகு பொந்துக்குள் நுழைந்தாள்.

'என் இலை ஒன்றாவது அவனுக்கு இருக்கும்' என்று நினைத்துக்கொண்டே மருத இலைகளை விலக்கினாள். ஒரு புரச இலை தெரிந்தது. அது அவளுடையது அல்ல. நுனியில் அணிலின் பல் பட்டிருந்தது. இன்னும் விலக்கினாள். புள்ளிமான் கடித்துப் பறித்த இலை ஒன்று. தூக்கணாங்குருவி நேர்த்தியாகக் கிழித்த இலை ஒன்று. அடியில் இன்னும் சில. காலால் ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். அவளுடையதையும் சேர்த்துப் பதினொன்று!

பதினோராவது இலையை மோந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அதில் எருமை எச்சில் காய்ந்திருந்தது. இன்னும் பால்குடி மறக்காத வாயின் மணம் வீசியது. அது சிறுகோடன் போட்ட இலை.

கல்லாயிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. 'பொறியா, நீ தனியாக இல்லையடா!' என்று ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அப்போது வெளியிலிருந்து செங்கண்ணனின் குரல் கேட்டது.

"தோழர் கல்லாயி! புரச இலைகள் இருந்தால் ஒன்று விடாமல் வெளியே கொண்டுவாருங்கள்! செந்நாய்கள் மோந்து பார்க்கட்டும்! நம் காட்டில் வரியனின் ஆட்கள் யார் யார் என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்!"

செங்கண்ணன் நேற்று ஏன் சிரித்தான் என்று கல்லாயிக்கு இப்போதுதான் புரிந்தது. அணிலுக்கு நான்கு குஞ்சுகள். புள்ளிமான் சினையாக இருந்தாள். கொக்கு போன இடம் எல்லோருக்கும் தெரியும்.

"இருக்கிறதா, இல்லையா?" என்று குரல் மறுபடி கேட்டது.

கல்லாயி வாயைத் திறந்தாள். முதல் இலையைக் கவ்வி மென்றாள். ஒரே துவர்ப்பு. விழுங்கினாள். அடுத்ததை மென்றாள். தொண்டை அடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. ஒவ்வொன்றாகப் பதினொன்றையும் தின்று முடித்தாள்.

வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. காடு முழுவதும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எல்லாம் மருத இலை" என்றாள்.

பொறியன் கிட்டே வந்தான். "அக்கா... ஒன்றுகூடவா இல்லை?"

செந்நாய் ஒன்று அவன் பின்னாலேயே வந்து நின்றது.

"ஒன்றுகூட இல்லை" என்றாள் கல்லாயி.

அவள் வாழ்நாளில் சொன்ன முதல் பொய் அது.

கூட்டத்தில் பத்துப் பேர் திடுக்கிட்டார்கள். அணில் நினைத்தது: 'என் ஒரு இலையை ஆமை மறைத்துவிட்டாள். நல்லவேளை! என்னைத் தவிர வேறு யாரும் போடவில்லை போலிருக்கிறது.' மானும் அப்படியே நினைத்தாள். குருவியும் அப்படியே நினைத்தது. பத்துப் பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"பார்த்தீர்களா! காடு முழுவதும் ஒரே மனம்! இந்த ஒருவன்தான் நம் எதிரி!" என்று செங்கண்ணன் கத்தினான்.

பொறியனைக் கரட்டு மேட்டுக்கு விரட்டும்படி தீர்ப்பாயிற்று. அங்கே புல் கிடையாது, நிழல் கிடையாது, சொட்டுத் தண்ணீர் கிடையாது. செந்நாய்கள் அவனைத் தள்ளிக்கொண்டு போயின. கல்லாயியைத் தாண்டும்போது அவன் ஒரு கணம் நின்றான். முகத்தில் கோபமே இல்லை.

"நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்னவோ, அக்கா. எல்லோருக்கும் இது பிடித்திருக்கிறது. நான் வீணாகச் சத்தம் போட்டுவிட்டேன்" என்றான்.

கல்லாயி தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். வேறு எதுவும் அவளால் செய்ய முடியவில்லை. பாதி வாலை இழுத்துக்கொண்டு அவன் போகும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது.

பத்து நாள் கழித்துச் சிறுகோடன் மேற்குக் கரைக்கு நீர் குடிக்க வந்தான். கூடவே அவன் தாயும், இரண்டு செந்நாய்களும், செங்கண்ணனும் வந்தார்கள். கன்று குடிக்காமல் கல்லாயியையே பார்த்தது.

"தோழர் ஆமையே! அன்று பொந்துக்குள் ஒரு புரச இலைகூட இல்லையா?"

அந்தக் கண்களில் என்ன இருந்தது என்று கல்லாயிக்குத் தெரிந்தது. 'உன்னுடையதும் இருந்தது, மகனே. இன்னும் பத்தும் இருந்தன' என்ற சொல் நுனிநாக்குவரை வந்தது. செங்கண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இல்லை, தலைவரே" என்றாள்.

சிறுகோடன் நீரில் தன் நிழலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குடித்துவிட்டுத் திரும்பிப் போனான். அதற்கப்புறம் அவன் அதைக் கேட்கவே இல்லை. கொம்பு வளர வளர அவன் குரலும் கரகரத்தது. அடுத்த மழைக்குள் செங்கண்ணன் சொல்லிக் கொடுக்காமலே உத்தரவு போடக் கற்றுக்கொண்டான்.

கோடை வந்தது. கரட்டு மேட்டின்மேல் பறந்து வந்த பருந்து செய்தி கொண்டுவந்தது. பொறியன் ஒரு பாறையைப் பிடித்தபடியே காய்ந்துபோய்க் கிடக்கிறானாம். முகம் மடுவைப் பார்த்து இருந்ததாம்.

கல்லாயி அன்று முழுவதும் நீரடியில் கிடந்தாள். மறுநாள் காலை கரையேறி, ஊர்ந்து ஊர்ந்து புள்ளிமானிடம் போனாள். மான் தன் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மானே, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்குப் புரச இலை போட்டது நீ மட்டும் இல்லை. பதினொரு பேர் போட்டோம்!"

மான் வெடுக்கென்று எழுந்தாள். "நானா? நான் மருத இலைதான் போட்டேன்!"

"இல்லை அம்மா, உன் பல் பட்ட இலையை நானே..."

"நான் மருத இலைதான் போட்டேன்! என் குட்டிமேல் ஆணை! தயவுசெய்து போய்விடுங்கள். நீங்கள் இங்கே வந்ததை யாராவது பார்த்துவிடப் போகிறார்கள்!"

அணிலிடம் போனாள். அணில் பேசாமலே மரமேறிவிட்டது. குருவி கூட்டுக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டது. சரியான நாளில் சொல்லியிருந்தால் பத்துப் பேரும் கேட்டிருப்பார்கள். இப்போது பயம் அவர்களுக்குப் பழகிவிட்டது. கல்லாயி திரும்பி வந்தாள். அவள் யாரையும் குறை சொல்லவில்லை. முதலில் பயந்தவள் தான்தான் என்று அவளுக்குத் தெரியும்.

நாளடைவில் சிறுகோடனுக்கு ஒரு கன்று பிறந்தது. கால் ஊன்றி நிற்கக்கூட அதற்கு இன்னும் தெரியவில்லை. செங்கண்ணன் மருத மரத்தின் உச்சியில் ஏறி, "தோழர்களே! நம் வருங்காலத் தலைவர் பிறந்துவிட்டார்!" என்று கூவினான். இலை போடும் பேச்சை இந்தத் தடவை யாரும் எடுக்கவில்லை. "வாழ்க! வாழ்க!" என்று காடு முழுவதும் கத்தியது. ஒரு செந்நாய் மடுக்கரைக்கு வந்து எட்டிப் பார்த்தது. கல்லாயியும் தலையை வெளியே நீட்டி, "வாழ்க!" என்றாள்.

அப்பன் அமர்ந்த இடம் பிள்ளைக்குத் தானாகவே போகுமானால், அதற்குப் பொதுவாட்சி என்று பெயர் சூட்டினாலும் அது முடியாட்சிதான். உண்மை தெரிந்தவர்கள் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளப் பயப்படும் காலம்வரை அது நிலைத்திருக்கும்.